அடம் அல்ல, அவஸ்தை

(மும்பை தாராவியில் மாலை வகுப்புக்கு வரும் பெண்களிடம், அதே வகுப்பில் படித்த ஒரு தாய் பேசிய பேச்சு இது.)

  

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. உங்களைப் போல இந்தப் பாயில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவள். நம் ஆசிரியை என்னை ஒரு நாள் பேசச் சொன்னார். எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைப் பேசுங்கள் என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது என் மகன்தான். அவனுக்கு இப்போது 14 வயது. அவனிடம் கேட்டேன். "என் பெயரைச் சொல்லாதே. மற்றதைச் சொல்" என்றான். அதனால் பெயர் இல்லாமல் சொல்கிறேன்.

காணாமல் போன இரண்டு மணி நேரம்

அவனுக்கு 5 வயது இருக்கும்போது நடந்தது இது. கணபதி விழாவின் கடைசி நாள். சிலையைக் கரைக்க ஊர்வலம் போகிறது. உங்களுக்குத் தெரியும், அன்று நம் தெருவில் எவ்வளவு மேளம், எவ்வளவு கூட்டம் என்று. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். மேளக்காரர்கள் எங்கள் எதிரில் வந்து நின்று அடித்தார்கள். அவன் வீறிட்டுக் கத்தினான். என் கையைக் கடித்தான். நான் வலி தாங்காமல் கையை விட்டேன். அடுத்த நிமிடம் அவனைக் காணோம்.

இரண்டு மணி நேரம் தேடினோம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் வரை ஓடினார். கடைசியில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் ஒரு பட்டறையின் பின்னால் கண்டுபிடித்தோம். இரண்டு பெரிய மூட்டைகளுக்கு நடுவில் நுழைந்து, காதுகளைப் பொத்திக்கொண்டு இருந்தான். அழவில்லை. அமைதியாக இருந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிப் பிடிக்கவில்லை. அடித்தேன். ஊரே பார்க்க அடித்தேன். "இவ்வளவு அடமா உனக்கு?" என்று கேட்டு அடித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அன்று மட்டும் அல்ல. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கத்துவான். அதற்கு அடி. புதுச் சட்டை போட்டால் கிழித்து எறிவான். அதற்கு அடி. சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்தால் துப்புவான். அதற்கும் அடி. அப்பா வேலை முடிந்து ஆசையாகத் தூக்க வந்தால் தள்ளிவிட்டு ஓடுவான். "பெற்ற பிள்ளைக்கே என்னைப் பிடிக்கவில்லை" என்று அவர் மனம் உடைந்து போனார்.

ஒரு கேள்வி

பக்கத்து வீட்டு அக்கா என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதவர்களுக்கு அங்கே பயிற்சி தருவார்கள்.

நான் அந்த அம்மாவிடம் குறைகளை அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவன் அழுவதற்கு முன்னால் என்ன நடந்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் அழுததுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் நடந்ததை நான் பார்க்கவே இல்லை.

புலன்கள் ஐந்து மட்டும் அல்ல

அந்த அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல். இவை ஐந்து புலன்கள் என்று நமக்குத் தெரியும். இவை தவிர நம் உடம்பில் இன்னும் சில புலன்கள் உண்டு. காதின் உள்பகுதியில் ஒன்று இருக்கிறது. நாம் சாய்கிறோமா, சுற்றுகிறோமா, நேராக நிற்கிறோமா என்று அது சொல்கிறது. தசையிலும் மூட்டிலும் ஒன்று இருக்கிறது. கை எங்கே, கால் எங்கே, எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம் என்று அது சொல்கிறது. வயிற்றுக்குள் இருந்து வரும் செய்தியும் உண்டு. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது இவற்றை அது சொல்கிறது.

இந்தச் செய்தி எல்லாம் மூளைக்குப் போகிறது. மூளை அவற்றைப் பிரிக்கிறது. இது முக்கியம், இது வேண்டாம் என்று ஒதுக்குகிறது. இப்போது நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் சத்தத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள். மூளை அதை ஒதுக்கிவிட்டது.

சில குழந்தைகளின் மூளை அப்படி ஒதுக்குவதில்லை. எல்லாச் சத்தமும் ஒரே அளவில் கேட்கும். சட்டையின் தையல் முள்ளாகக் குத்தும். இதற்கு நேர்மாறான குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேராது.

அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற பெண்மணி இருந்தார். அவரும் ஓ.டி. சிகிச்சை செய்தவர்தான். இதைப் பற்றி ஆராய்ந்து 1972ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகு பலர் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். இதைத் தனி நோய் என்று எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் குழந்தைகள் படும் அவஸ்தை உண்மை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அதிகம். வேறு எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளிடமும் இருக்கலாம்.

மூன்று விதம்

இந்தக் குழந்தைகள் மூன்று விதமாக இருப்பார்கள்.

முதல் விதம், அதிகமாக உணரும் குழந்தை. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்தும். யாராவது லேசாகத் தொட்டால் துள்ளி விலகும். வெயிலில் கண்ணைத் திறக்காது. வாசனை பிடிக்காமல் குமட்டும்.

இரண்டாம் விதம், குறைவாக உணரும் குழந்தை. பத்து முறை கூப்பிட்டாலும் திரும்பாது. முழங்காலில் இரத்தம் வழிந்தாலும் தெரியாமல் விளையாடும். உடையிலேயே சிறுநீர் போய்விடும். இவர்களைச் சோம்பேறி, மந்தம் என்று சொல்லிவிடுகிறோம். அடிபட்டாலும் அழ மாட்டார்கள். அதனால் தினமும் குளிக்க வைக்கும்போது உடம்பைப் பார்க்க வேண்டும். மணி பார்த்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும்.

மூன்றாம் விதம், தேடி அலையும் குழந்தை. ஓயாமல் குதிக்கும், சுற்றும், மோதும். எதையாவது கடிக்கும். எல்லோரையும் தொட்டுப் பார்க்கும். இவர்களைக் குரங்கு, வால் என்கிறோம்.

ஒரே குழந்தையிடம் இந்த மூன்றும் கலந்து இருக்கலாம். என் மகன் சத்தத்தை அதிகமாக உணர்வான். ஆனால் அழுத்தமான பிடியைத் தேடுவான். அன்று அவன் ஏன் இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் போய் நுழைந்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மூட்டைகள் அவனை இறுக்கிப் பிடித்தன. நான் கொடுக்காததை அவை கொடுத்தன.

முதலில் டாக்டரைப் பாருங்கள்

நாமே முடிவு கட்டக் கூடாது. காதைப் பொத்தும் குழந்தைக்குக் காதில் சீழ் இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். சாப்பிட மறுக்கும் குழந்தைக்குப் பல் சொத்தை இருக்கலாம். மண், சுண்ணாம்பு தின்னும் குழந்தைக்கு இரத்தச் சோகை இருக்கலாம். இவற்றை முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பாந்த்ராவிலேயே அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. 1983இல் தொடங்கியது. அங்கே காதையும் பேச்சையும் பரிசோதிக்கிறார்கள்.

மத்திய அரசு 2013இல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இதில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் டாக்டர் குழு வர வேண்டும். எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடி ஊழியரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

என் நோட்டுப் புத்தகம்

ஓ.டி. அம்மா என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். எந்த நாள், எந்த நேரம், அழுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். எனக்கு எழுதத் தெரியாது. அதை வெளியே சொல்ல வெட்கம். மூன்றாம் வகுப்பில் படித்த என் மகள் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். அவள் பள்ளிக்குப் போன பிறகு நடப்பது எழுதாமல் போனது. அதனால்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் நானே எழுதினேன். அதில் கொஞ்சம் படிக்கிறேன்.

"திங்கள். காலை 7 மணி. தலையில் தண்ணீர் ஊற்றினேன். கத்தினான்."

"செவ்வாய். காலை 7 மணி. தோளில் ஊற்றினேன். கத்தவில்லை."

"புதன். மாலை 4 மணி. பக்கத்துப் பட்டறையில் மிஷின் ஓடியது. அக்காவைக் கடித்தான்."

"வியாழன். கரண்ட் இல்லை. மிஷின் ஓடவில்லை. நன்றாக விளையாடினான்."

"வெள்ளி. அப்பா குளித்துவிட்டு வந்தார். மடியில் போய் உட்கார்ந்தான்."

கடைசி வரியைப் பாருங்கள். என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் சட்டையில் தோல் வாசனையும் பசை வாசனையும் இருக்கும். பையனுக்கு அப்பாவைப் பிடிக்காமல் இல்லை. அந்த வாசனைதான் தாங்கவில்லை. அன்று முதல் அவர் குளித்துச் சட்டை மாற்றிய பிறகே பையனைத் தூக்கினார். ஐந்து வருடம் அவர் மனதில் இருந்த முள்ளை ஒரு வரி எடுத்துவிட்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதற்கு மாத்திரை இல்லை. ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெரும்பாலும் காசு தேவை இல்லை.

குளியல்: திடீரென்று தண்ணீர் ஊற்றாதீர்கள். சொல்லிவிட்டு ஊற்றுங்கள். காலில் தொடங்கி மேலே வாருங்கள். தலைக்கு ஊற்றும்போது ஒரு துண்டை நெற்றியில் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். லேசாகத் தடவுவது இவர்களுக்குக் கூச்சம். அழுத்தித் தேய்ப்பதும், துண்டால் இறுக்கிச் சுற்றித் துடைப்பதும் பிடிக்கும்.

முடியும் நகமும்: கூட்டம் இல்லாத நேரத்தில் சலூனுக்குப் போங்கள். மிஷின் வேண்டாம், கத்தரிக்கோல் போதும் என்று சொல்லுங்கள். வெட்டும் முன் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துவிடுங்கள். "பத்து எண்ணுவதற்குள் நிறுத்துவேன்" என்று சொன்னால், பத்தில் நிறுத்துங்கள். ஏமாற்றினால் மறுமுறை நம்ப மாட்டார்கள். குளித்த பிறகு நகம் மெதுவாக இருக்கும். அப்போது வெட்டுங்கள்.

உடை: புதுத் துணியை மூன்று நான்கு முறை துவைத்த பிறகு போடுங்கள். கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டி எடுங்கள். பனியனைத் திருப்பிப் போட்டால் தையல் வெளியே போய்விடும். யூனிபார்முக்கு உள்ளே பழைய மெல்லிய பனியன் போடலாம்.

சாப்பாடு: எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையாதீர்கள். சோறு தனி, பருப்பு தனி, காய் தனியாக வையுங்கள். பிடித்த உணவின் பக்கத்தில் புதியது ஒரு துண்டு வையுங்கள். இன்று பார்க்கட்டும். நாளை தொடட்டும். மறுநாள் முகரட்டும். ஒரு நாள் தின்னும். மூக்கைப் பிடித்து ஊட்டினால் சோற்றைக் கண்டாலே பயம் வந்துவிடும். குழந்தை இரண்டு மூன்று உணவு தவிர எதுவுமே தின்னாவிட்டாலோ, எடை குறைந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

பொதுக் கழிப்பறை: நம் பகுதியில் இது பெரிய பாடு. இருட்டு, நாற்றம், வரிசை, கதவைத் தட்டும் சத்தம். கூட்டம் குறைந்த நேரத்தில் கூட்டிப் போங்கள். மூக்கில் வைக்க எலுமிச்சைத் தோலைக் கையில் கொடுங்கள். டார்ச் எடுத்துப் போங்கள்.

உடம்புக்கு வேலை: தேடி அலையும் குழந்தையை உட்கார் உட்கார் என்று சொல்லிப் பயன் இல்லை. உடம்புக்கு வேலை கொடுங்கள். சப்பாத்தி மாவு பிசையட்டும். ஈரத் துணியை முறுக்கிப் பிழியட்டும். தூக்க முடிந்த அளவு தண்ணீர் கொண்டு வரட்டும். இரண்டு கையையும் ஊன்றிச் சுவரைத் தள்ளட்டும். பாடம் படிக்கும் முன் பத்து நிமிடம் இப்படிச் செய்தால், பிறகு உட்காருவது எளிது. மெதுவாக ஊஞ்சல் ஆட்டினால் சில குழந்தைகள் அமைதி ஆகும். வேகமாகச் சுற்றினால் குமட்டும், மிரளும். போதும் என்று குழந்தை காட்டியவுடன் நிறுத்துங்கள்.

ஒரே அறையில் ஒரு மூலை

அமைதியான அறை கொடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நமக்கு இருப்பதே ஒரு கோலி. அதில் ஆறு பேர். நான் என்ன செய்தேன்? கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய மெத்தையைப் போட்டேன். முன்னால் ஒரு புடவையைத் தொங்கவிட்டேன். உள்ளே இரண்டு தலையணை. அவ்வளவுதான். அதுதான் அவன் இடம். அங்கே போனால் யாரும் கூப்பிடக் கூடாது, திட்டக் கூடாது. அது தண்டனை கொடுக்கும் இடமும் இல்லை. நாமே பிடித்துத் தள்ளக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். அழுத்தம் பிடிக்கிறது என்று மேலே கனமான பொருளை வைக்காதீர்கள். முகத்தை மூடாதீர்கள். கட்டிப் போடாதீர்கள். குழந்தை நினைத்தால் தானே வெளியே வர முடிய வேண்டும்.

திருவிழாவும் கூட்டமும்

கணபதி, தீபாவளி, கல்யாணம் எதையும் நாம் நிறுத்த முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லலாம். "மேளம் வரும். நாம் தூரத்தில் நிற்போம். பிடிக்கவில்லை என்றால் என் கையை இரண்டு முறை அழுத்து. உடனே போய்விடுவோம்." இப்படிச் சொன்னால் குழந்தைக்குத் தைரியம் வரும். பட்டறைகளில் காதை மூடும் கருவி போடுகிறார்களே, அது போல ஒன்றை வாங்கி வையுங்கள். சத்தம் வரும் நேரம் மட்டும் போடுங்கள். பஞ்சைக் காதுக்குள் திணிக்காதீர்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். நாம்தான் எழுதக் கற்றுக்கொண்டோமே!

பள்ளிக்கூடம்

ஒரு பள்ளியில் என் மகனைத் தினமும் வெளியே நிற்க வைத்தார்கள். மணி அடித்தால் கத்துகிறான் என்பது குற்றம். நான் வாய் திறக்காமல் அழுதுகொண்டே வீடு வந்தேன். பிறகுதான் தெரிந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசமும் அதில் ஒன்று. அத்தகைய குழந்தைகளுக்குத் தேவையான வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும்.

நான் சண்டை போடவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு போய்ப் புது ஆசிரியையிடம் காட்டினேன். அவர் படித்துப் பார்த்தார். மணிக்குப் பக்கத்தில் இருந்த அவன் இடத்தைச் சுவர் ஓரமாக மாற்றினார். மணி அடிக்கும் முன் தலையாட்டி அவனுக்குச் சொன்னார். கரும்பலகை துடைக்கும் வேலையையும் அவனுக்கே கொடுத்தார். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

ஊர் வாய்

நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள்" என்பார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் சூடு போடச் சொன்னார். அந்த நேரம் நானும் கொஞ்சம் யோசித்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். என் வீட்டுக்காரர்தான் "வேண்டாம்" என்று தடுத்தார். குழந்தைக்குச் சூடு வைப்பது சட்டப்படி குற்றம். தோலே தாங்காத குழந்தைக்குச் சூடா? மந்திரம், தாயத்து, விலை உயர்ந்த எண்ணெய் என்று காசைத் தொலைக்காதீர்கள்.

என் மகன் முழுக்க மாறிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் கூட்டமான ரயிலில் ஏற மாட்டான். அடுத்த ரயிலுக்காகக் காத்திருப்பான். இன்றும் சில நாள் கட்டிலுக்கு அடியில்தான் படிக்கிறான். கால்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இப்போது வாய் திறந்து சொல்கிறான். "அம்மா, சத்தம் அதிகம், நான் கொஞ்ச நேரம் வெளியே போகிறேன்" என்கிறான். கடிப்பது இல்லை. ஓடுவது இல்லை.

போன வருடம் அவனிடம் கேட்டேன். "நான் உன்னை அடித்தது ஞாபகம் இருக்கிறதா?" என்று. "இருக்கிறது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீ எழுதினதும் ஞாபகம் இருக்கிறது" என்றான்.

அக்காமார்களே, தங்கைகளே! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். கையை ஓங்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த அழுகைக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். நமக்குக் கிடைத்த எழுத்து கையெழுத்துப் போட மட்டும் அல்ல.



நினைவில் வைப்போம்

1. அடிக்கும் முன் கவனிப்போம். அழுகைக்கு முன் நடந்ததை எழுதி வைப்போம்.
2. காது, கண், பல், இரத்தம் ஆகியவற்றை முதலில் டாக்டரிடம் பரிசோதிப்போம்.
3. எதையும் முன்கூட்டியே சொல்லிச் செய்வோம். சொன்ன சொல்லைக் காப்போம்.
4. குழந்தைக்கு என்று ஓர் அமைதியான மூலை ஒதுக்குவோம்.
5. சூடு போடுவதைத் தடுப்போம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்களால் தாங்க முடியாத சத்தம், வாசனை எது? அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?
2. உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தையை "அடம்" என்று எப்போது சொன்னீர்கள்? அதற்கு முன்னால் என்ன நடந்தது?
3. உங்கள் வீட்டில் அமைதி மூலைக்கு எந்த இடத்தை ஒதுக்கலாம்?